சின் இல்லாத ஸ்பைரா: ஆர்பிஜி கேம்களின் நேரடித் தொடர்ச்சிகள்

நேயர்களுக்கு வணக்கம்.

ஐம்பது அறுபது மணி நேரம் விளையாடி முடித்து, மனசில் தங்கிப்போன ஒரு ரோல்-பிளேயிங் கேம், சுருக்கமாக ஆர்பிஜி. அதே உலகம், அதே ஆட்கள், கதை விட்ட இடத்திலிருந்தே இன்னொரு பாகம் வருகிறது என்றால் அது தேவையா? இதைத்தான் இன்று பேசப்போகிறேன். பெயரில் மட்டும் தொடரும் கேம்களை இதில் சேர்க்கவில்லை. ஃபைனல் ஃபேண்டஸி 7-க்கும் 8-க்கும் கதையில் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நான் எடுத்துக்கொள்வது கதை அப்படியே நீளும் நேரடித் தொடர்ச்சிகளை. பேச்சில் பல கேம்களின் முடிவுகள் வெளிப்படும். இனிமேல்தான் விளையாடப்போகிறேன் என்பவர்கள் கவனித்துக்கொள்ளுங்கள்.

என் பதில்: தேவை, ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. நல்ல ஆர்பிஜியின் முடிவில் வெற்றி சும்மா வருவதில்லை, யாரோ எதையோ இழந்திருப்பார்கள். அந்த இழப்புக்குப் பிறகு உலகம் எப்படி நடக்கிறது என்று காட்டும் தொடர்ச்சி வேண்டும். இழந்ததையெல்லாம் திருப்பிக் கையில் கொடுத்துவிடும் தொடர்ச்சி, முதல் பாகத்தின் முடிவையும் சேர்த்து மலிவாக்கிவிடும்.

ஃபைனல் ஃபேண்டஸி 10-ஐ எடுத்துக்கொள்வோம். 2001-இல் பிளேஸ்டேஷன் 2-க்கு வந்தது. ஸ்பைரா என்ற உலகம். சின் என்ற பேருரு அதைத் திரும்பத் திரும்ப வந்து அழிக்கிறது. அதை அடக்க ஏயான்கள் என்னும் ஆவிகளை அழைக்கத் தெரிந்தவர்கள் யாத்திரை போகிறார்கள்; அதன் முடிவில் உயிரைக் கொடுக்க வேண்டும் என்று தெரிந்தே போகிறார்கள். அவர்களில் ஒருத்தி யூனா. கடைசியில் சின் ஒழிகிறது. ஆனால் அதற்காக யூனா தன் ஏயான்களையே ஒவ்வொன்றாக எதிர்த்து நின்று வீழ்த்த வேண்டியிருக்கிறது. அவள் நேசித்த டீடஸும் கண்முன்னே மறைந்துபோகிறான்.

2003-இல் வந்த 10-2, இரண்டு வருடம் கழித்துத் தொடங்குகிறது. அந்த வரிசையில் இன்னொரு கேமின் கதையை நேராகத் தொடர்ந்த முதல் கேம் இதுதான். இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். எந்த ஆர்பிஜி தொடர்ச்சிக்கும் முதல் தலைவலி லெவல், அதாவது பாத்திரம் ஆட ஆட ஏறிவரும் பலப்படி. முதல் பாகத்தின் முடிவில் நாயகன் உலகையே அழிக்க வந்ததைச் சாய்த்தவன். அடுத்த பாகத்தில் அவனைச் சின்னப் பூச்சிகளோடு சண்டைபோட வைக்க வேண்டும். அதற்காக எழுத்தாளர்கள் நினைவை அழிப்பார்கள், சிறையில் தள்ளுவார்கள், ஆயுதங்களைப் பிடுங்குவார்கள். 10-2-க்கு அதெல்லாம் தேவைப்படவில்லை. யூனாவின் பலமே ஏயான்கள்தான். முதல் பாகத்தின் வெற்றியே அவற்றைக் கொண்டுபோய்விட்டது. அவள் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்குவதற்கான காரணம் கதைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. இதைவிட ஒழுங்கான தொடக்கம் எந்தத் தொடர்ச்சிக்கும் அமைந்ததாக எனக்குத் தெரியவில்லை.

விளையாட்டு முறையும் கதைக்குப் பொருந்துகிறது. முதல் பாகத்தில் சண்டை நிதானமானது. யார் முறை எப்போது வரும் என்று திரையோரத்தில் வரிசையாகத் தெரியும், வேண்டிய மட்டும் யோசிக்கலாம். 10-2-இல் நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். யூனா, ரிக்கு, பெய்ன் என்று மூன்றே பேர். ஒவ்வொருத்திக்கும் கார்மென்ட் கிரிட் என்ற ஒரு தகடு. அதில் சில புள்ளிகள், அவற்றை இணைக்கும் கோடுகள். ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு டிரெஸ்ஸ்பியரைப் பதிக்கிறோம், அதாவது உடையோடு சண்டைத் திறனையும் மாற்றும் ஒரு கோளம்: துப்பாக்கிக்காரி, திருடி, வெள்ளை மந்திரவாதி என்று. சண்டை நடுவில் எல்1 பட்டனை அழுத்தினால் கோடு போகும் பக்கத்துப் புள்ளிக்கு மட்டுமே மாற முடியும். புதிதாக விளையாடுபவர்கள் இங்கேதான் சறுக்குவார்கள். கையில் இருக்கும் நல்ல டிரெஸ்ஸ்பியர்களையெல்லாம் கிடைத்த இடத்தில் பதித்துவிட்டு, உயிர்போகும் நேரத்தில் வெள்ளை மந்திரவாதியாக மாற இரண்டு தாவல் வேண்டியிருக்கிறதே என்று தவிப்பார்கள். தாக்குபவளுக்குப் பக்கத்துப் புள்ளியிலேயே குணப்படுத்துபவளை வைக்க வேண்டும். முதல் பாகத்தின் தலைவிதி சுமந்த நடைக்கு எதிர்த்திசையில் இந்த வேகம், இந்த உடை மாற்றம், பாட்டு, கும்மாளம். பலருக்கு இது கோபமூட்டியது. எனக்கு இதுதான் சரியாகப் படுகிறது. சாகப்போகிறோம் என்று தெரிந்தே வளர்ந்த பெண், சாக வேண்டாம் என்றானபின் வேறு எப்படி இருப்பாள்? சின் போனபின் ஸ்பைராவும் கட்சி கட்சியாகப் பிரிகிறது, பழைய கோவிலின் பொய்கள் அம்பலமாகின்றன, எதை நம்புவது என்று மக்கள் தடுமாறுகிறார்கள். பொதுப்பகை ஒழிந்ததும் என்ன நடக்கும் என்பதை இவ்வளவு பொறுமையாகக் காட்டிய கேம்கள் குறைவு.

அதன் குறை முடிவில் இருக்கிறது. ஆட்டம் முழுக்க ஒரு சதவீதக் கணக்கு ஓடுகிறது. 100 தொட்டால்தான் முழுமையான முடிவு; டீடஸ் திரும்பி வரும் கதை அதில்தான் நிறைவாகக் கிடைக்கும். மேச்சென் என்ற கிழவர் நீளமாக வரலாறு சொல்லும்போது நடுவில் பேச்சை வெட்டினால்கூடச் சதவீதம் போய்விடும். இரண்டு வகையில் இது கெடுதல். கதையில், முதல் பாகத்தின் இழப்பைப் பரிசுப்பொருளாக மாற்றிவிடுகிறது. ஆட்டத்தில், ஊர் ஊராகச் சுற்றி மக்களைப் பார்க்க வேண்டியவர் ஒரு கையில் வழிகாட்டியை வைத்துக்கொண்டு கட்டம் போட்டுக்கொண்டிருப்பார்.

மேற்கத்திய ஆர்பிஜிகளில் லெவல் சிக்கலை வேறு மாதிரி சமாளித்தார்கள். 1998-இல் வந்த பால்டர்ஸ் கேட்டில் அனுபவப் புள்ளிகளுக்கு 89,000 என்று உச்சவரம்பு. 2000-இல் வந்த இரண்டாம் பாகத்தில் புதிதாகப் பாத்திரம் உருவாக்கினால் அவர் தொடங்குவதும் அதே 89,000-இல். ஏணியின் முதல் பாதி முடியும் படியில் அடுத்த பாதி தொடங்குகிறது. பூஜ்ஜியத்துக்கு இறக்கவே இல்லை. முதல் பாகம் ஏழாம் லெவலைச் சுற்றி நின்றதால்தான் பெரிய மந்திரங்களும் டிராகன்களும் இரண்டாம் பாகத்துக்கு மிச்சமிருந்தன. முதல் பாகத்தின் சேவ் ஃபைலை, அதாவது ஆட்டத்தைச் சேமித்த கோப்பை, இதில் இறக்கினால் பாத்திரம் அப்படியே வரும். ஆயுதங்கள் வராது, ஆட்டமே சிறைக்கூண்டில்தான் தொடங்குகிறது. முதல் பாகத்தில் கிடைத்த ஒரு தங்கக் கால்சட்டையைப் பத்திரமாக வைத்திருந்தவர்களுக்கு மட்டும் அது கூடவே வரும். அதன் பயன் இரண்டு பாகம் கழித்துத்தான் தெரியும். எடுத்துவையுங்கள்.

ஆனால் இறக்கிய ஃபைல் சொல்லாத ஒன்றும் இருக்கிறது. ஜஹைரா, காலித், மின்ஸ்க், டைனஹீர், இமோயன் ஆகியோர்தான் உங்களோடு பயணம் செய்தார்கள் என்று இரண்டாம் பாகம் முடிவு கட்டிவிடுகிறது. நீங்கள் வேறு கூட்டத்தோடு சுற்றியிருந்தாலும், காலித்தின் உடலைப் பார்த்து அழ வேண்டியது நீங்கள்தான். இது இரண்டாவது பெரிய சிக்கல்: விளையாடியவர் செய்த தேர்வுகளை என்ன செய்வது?

மாஸ் எஃபெக்ட் எல்லாவற்றையும் மதிக்கப் பார்த்தது. 2007, 2010, 2012 என்று மூன்று பாகங்கள், ஒன்றின் சேவ் ஃபைல் அடுத்ததில். இரண்டாம் பாகத்தின் கடைசிப் பணியில் கூட வந்தவர்களில் யார் வேண்டுமானாலும் சாகலாம். அந்த அரை மணி நேரப் பதற்றத்துக்கு ஈடில்லை. அதன் கடனை மூன்றாம் பாகம் கட்டியது. யாரும் இறந்திருக்கலாம் என்றால், யாரையும் நம்பிக் கதையின் தூணை நிறுத்த முடியாது. அதனால் இரண்டாம் பாகத்தில் சேர்ந்தவர்களில் காரஸும் டாலியும் மட்டுமே மூன்றாவதில் மறுபடி அணியில் வருகிறார்கள். மற்றவர்கள் ஆளுக்கொரு காட்சியில் வந்து போகிறார்கள். மோர்டின் இறந்திருந்தால் அவர் இடத்தில் பாடக் விக்ஸ் நிற்பார்; ரெக்ஸ் இறந்திருந்தால் ரீவ். இருவரும் இருக்கும் ஃபைலையும் இல்லாத ஃபைலையும் அடுத்தடுத்து விளையாடிப் பாருங்கள். காட்சிகளின் எலும்புக்கூடு ஒன்றுதான், ஆனால் மோர்டின் சொல்லும்போது தொண்டை அடைக்கும் இடத்தில் விக்ஸ் சொன்னால் செய்தி கேட்பதுபோல இருக்கும். தேர்வுக்கு மதிப்பு இருக்கிறது என்பதற்கு அதுவே சான்று. ஒவ்வொரு தேர்வுக்கும் எழுத்தில் எவ்வளவு செலவாகிறது என்பதற்கும் அதுவே சான்று.

ஸ்டார் வார்ஸ்: நைட்ஸ் ஆஃப் தி ஓல்ட் ரிபப்ளிக் இரண்டாம் பாகம், 2004, இதைச் சேவ் ஃபைலே இல்லாமல் முடித்தது. தொடக்கத்தில் அட்டன் என்பவனோடு பேசும்போது முதல் பாகத்து நாயகர் ரெவன் பற்றிப் பேச்சு வருகிறது. ரெவன் ஆணா பெண்ணா, நல்லவராக முடிந்தாரா கெட்டவராக முடிந்தாரா என்பதில் நீங்கள் அவனை எப்படித் திருத்துகிறீர்களோ, அதுவே இந்த ஆட்டத்தின் வரலாறாகிவிடும். அரட்டைபோலத் தோன்றும் நாலு வரி. அவசரமாகத் தட்டிக்கொண்டே போனால் உங்கள் ரெவன் வேறு ஆளாகிவிடுவார், அதன்பின் மாற்ற வழியில்லை. அந்தக் கேம் முதல் பாகம் வந்து ஒன்றரை வருடம்கூட ஆகாமல் வெளிவந்தது. ஒரு முழுக் கிரகத்தையே வெட்டிவிட்டார்கள், கடைசிப் பகுதி கந்தலாக நிற்கிறது. வெட்டியவற்றில் பலவற்றை மாட் ஒன்று, அதாவது ரசிகர்களே செய்த திருத்தம், பின்னால் மீட்டது. கணினியில் விளையாடினால் அதைப் போட்டுக்கொண்டே தொடங்குங்கள். வெற்றி சூட்டோடு அடுத்ததை இறக்க வேண்டும் என்ற அவசரம்தான் நேரடித் தொடர்ச்சிகளுக்கு மிகப் பெரிய எதிரி.

காலத்தைத் தள்ளிவைப்பது எளிய வழி. ஃபால்அவுட் 1997-இல், இரண்டாம் பாகம் 1998-இல். கதையில் 80 வருட இடைவெளி. முதல் பாகத்தில் ஷேடி சாண்ட்ஸ் மண்சுவர் கட்டிய குக்கிராமம். அதன் தலைவரின் மகள் டான்டியைக் கொள்ளையர்கள் தூக்கிப்போக, நீங்கள் மீட்டிருப்பீர்கள். இரண்டாம் பாகத்தில் அந்தக் கிராமம் ஒரு குடியரசின் தலைநகர். அதன் அதிபர் ஒரு முதியவர்: டான்டி. நீங்கள் செய்த உதவி ஒரு நாடாகி நிற்கிறது. அதைச் சொல்ல நீண்ட வசனம் எதுவும் தேவைப்படவில்லை, பெயர் மட்டும் போதுமாயிருந்தது.

ஒரே கதையை இரண்டாக வெட்டி விற்பதும் உண்டு. அது தொடர்ச்சி அல்ல, இரண்டாம் பாதி. அதை அப்படியே கருதி விளையாட வேண்டும். ட்ரெயில்ஸ் இன் தி ஸ்கை முதல் பாகம் 2004-இல், அடுத்தது 2006-இல் ஜப்பானில் வந்தன. முதல் பாகம் கழுத்தில் கத்தி வைத்ததுபோல முடிகிறது. ஆங்கிலத்தில் 2011-இல் முதல் பாகத்தை முடித்தவர்கள் அடுத்ததற்கு 2015 வரை காத்திருந்தார்கள். இப்போது இரண்டும் கிடைக்கின்றன. இடைவெளி விடாமல் சேர்த்தே விளையாடுங்கள்.

கோல்டன் சன், 2001-லும் 2002-லும் கேம் பாய் அட்வான்ஸில். இதில் ஒரு கடுமையான கணக்கு. ஜின் என்னும் ஆவிகள் முதல் பாகத்தில் 28, இரண்டாவதில் 44, ஆக 72. ரகசியக் குகை ஒன்று திறக்க 72-ம் வேண்டும். முதல் பாகத்தில் ஒன்றைத் தவறவிட்டு ஃபைலை மாற்றினால் அந்தக் கதவு மூடியே கிடக்கும். மாற்ற லிங்க் கேபிள் வேண்டும், இல்லாவிட்டால் 260 எழுத்துள்ள கடவுச்சொல். பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எண் எல்லாம் கலந்திருக்கும்; ஒரு எழுத்து தப்பினாலும் ஏற்காது. கையால் எழுதாமல் திரையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றுவதற்கு முன்பு ஜின் எண்ணிக்கை 28 இருக்கிறதா என்று பாருங்கள்.

எந்தத் தொடர்ச்சிக்கும் பொதுவாக இரண்டு சொல்வேன். முதல் பாகத்தின் கடைசிச் சண்டைக்கு முன் ஒரு சேவ், முடித்தபின் தனியாக இன்னொரு சேவ், இரண்டையும் அழிக்காதீர்கள். சில கேம்கள் முடித்த ஃபைலை மட்டுமே ஏற்கும், நாம் கவனிக்காமல் பழையதன் மேலேயே புது ஆட்டத்தைப் பதித்துவிடுவோம். இன்னொன்று, உங்கள் பெரிய தேர்வுகளை ஒரு தாளில் எழுதி வையுங்கள். வருடம் கழித்து அட்டன் கேட்கும்போது பதில் தெரிந்திருக்க வேண்டும்.

ஃபைனல் ஃபேண்டஸி 10-ஐயும் 10-2-ஐயும் எடுப்பவர்கள், இரண்டும் சேர்ந்த ரீமாஸ்டரில் இருக்கும் எடர்னல் காம் என்ற குறும்படத்தை நடுவில் பார்த்துவிடுங்கள். யூனா ஏன் மறுபடி கிளம்பினாள் என்பது அதில் இருக்கிறது. முதல் ஆட்டத்தில் சதவீதத்தைத் திரும்பிப் பார்க்காதீர்கள். முடித்த ஃபைலை வைத்து மறுபடி தொடங்கும் நியூ கேம் பிளஸில் அந்தக் கணக்கு விட்ட இடத்திலிருந்தே கூடும். அதனால் முதல் தடவை ஆகாயக் கப்பலை எடுத்துக்கொண்டு ஊர் ஊராக இறங்குங்கள், பழைய யாத்திரை வழியில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். மேச்சென் பேசத் தொடங்கினால் மட்டும் பட்டனில் இருந்து கையை எடுத்துவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.