இரண்டு பேனா

நடுவர் அவர்களே, வணக்கம். எனக்கு முன்னால் பேசிய தங்கை தலைப்பை விட்டு ரொம்ப தூரம் போய்விட்டதால் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். தான் ஆணா பெண்ணா என்று உள்ளுக்குள் தேடிக்கொண்டே வளரும் பிள்ளைக்கு, நாடு கொந்தளிக்கும் காலம் வழிவிடுகிறதா, வழியை அடைக்கிறதா? வழிவிடுகிறது என்பது எங்கள் அணி.

தங்கை சொன்னது இதுதான். ஊர் பற்றி எரியும்போது உயிர் பிழைப்பதே பெரும்பாடு, நாடு அமைதியாக இருந்தால்தான் இப்படிப்பட்ட பிள்ளைக்குக் காது கொடுக்க ஆள் இருக்கும். கைதட்டல் வாங்கினார். நானும் தட்டினேன்.

ஆனால் நான் 26 வருஷம் பள்ளிக்கூடத்தில் இருந்தவள். அந்த அமைதியை எனக்குத் தெரியும். வருகைப் பதிவேட்டில் பையன்கள் பெயரை நீல மையிலும் பெண் பிள்ளைகள் பெயரைச் சிவப்பு மையிலும் எழுதுவோம். ஒரு ஜூன் மாதம், எட்டாம் வகுப்பு. எல்லோரும் மதியச் சாப்பாட்டுக்கு ஓடிய பிறகு ஒரு பிள்ளை மேசை ஓரமாக வந்து நின்றது. சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டே, "டீச்சர், என் பேரை மட்டும் சிவப்பில எழுதுவீங்களா? உள்ளதானே இருக்கும், யாருக்கும் தெரியாது" என்றது. இரண்டு பேனாவும் என் கையில். ஊரில் போர் இல்லை, ஊரடங்கு இல்லை, மணி அடித்தால் சோறு. "போய்ச் சாப்பிடு" என்றேன். யாரும் அடிக்கவில்லை, யாரும் திட்டவில்லை. எதுவும் அசையவும் இல்லை.

இப்போது நேபாளத்துக்கு வாருங்கள். 1996 முதல் 2006 வரை மாவோயிஸ்டுகளுக்கும் அரசுக்கும் போர். 13,000 பேருக்கு மேல் செத்தார்கள். அங்கே 16 வயதானால் குடியுரிமைச் சான்று வாங்க வேண்டும். அவர்கள் மொழியில் அதற்கு நாகரிக்தா என்று பெயர். (நம் காதில் நாகரிகம் என்று விழுகிறது. அது அங்கே இருந்ததா என்பதை இனிமேல் பாருங்கள்.) அந்தத் தாள் இல்லாவிட்டால் பாஸ்போர்ட் கிடையாது, வங்கிக் கணக்குத் திறப்பது பாடு. ஆண், பெண் என்று அப்போது அதில் இரண்டே பால். குர்தா போட்டு, தலை வாரிப் பின்னிய பிள்ளையின் தாளில் ஆண் என்று இருந்தால், ஒவ்வொரு கவுண்டரிலும் 'இது யாருடையது?' என்று கேட்பார்கள். 'என்னுடையதுதான்' என்று எத்தனை முறை சொல்வது?

அடியும் இருந்தது, மறைக்க மாட்டேன். ஆணாகப் பிறந்து பெண்ணாக உணரும் இப்படிப்பட்டவர்களை அங்கே மேட்டி என்பார்கள். 2004 ஆகஸ்டில் காத்மாண்டுவில் இவர்களுக்காக வேலை செய்த அமைப்பைச் சேர்ந்த 39 பேரைப் பிடித்து அடைத்தது போலீஸ். எதிரணி குறித்துக்கொள்ளட்டும்.

அப்புறம் 2006 ஏப்ரல். 19 நாள் ஜனங்கள் தெருவில் நின்றார்கள். மன்னர் இறங்கி வந்தார். அடுத்த ஜனவரியில் இடைக்கால அரசியல் சட்டம், அதற்குச் சில மாதம் கழித்து உச்ச நீதிமன்றத்தில், அந்த 39 பேரின் அமைப்பைத் தொடங்கிய சுனில் பாபு பந்தும் மற்றவர்களும் போட்ட மனு. 2007 டிசம்பர் 21 அன்று தீர்ப்பு வந்தது: ஒருவர் எந்தப் பால் என்பதற்கு அவரவர் உணர்வே அளவுகோல், அதன்படி சான்று கொடுங்கள், ஒதுக்கும் சட்டங்களைத் திருத்துங்கள். மறுவருடம் சுனில் பாபு பந்த் அரசியல் நிர்ணய சபைக்குள்ளேயே போய் உட்கார்ந்தார். அதே 2008 மே மாதம் மன்னராட்சி முடிந்தது. சுமார் 240 வருஷச் சிம்மாசனத்தையே தூக்கி வைக்கலாம் என்றால், ஒரு படிவத்தில் இன்னொரு கட்டம் போட முடியாதா?

சான்று உடனே கைக்கு வந்துவிடவில்லை. தீர்ப்பு வந்தும் வருஷக்கணக்கில் அலையவிட்டார்கள். ஆனால் 2015 அரசியல் சட்டத்திலேயே, பாலின அடையாளத்தோடு குடியுரிமைச் சான்று என்று எழுதியாகிவிட்டது. எழுதுகிற கை அப்போது ஓய்ந்திருக்கவில்லை, அதனால் எழுத முடிந்தது.

தமிழ்நாட்டில் 2008-லேயே திருநங்கையர் நல வாரியம் வந்ததே, எந்தக் கலவரத்தில் வந்தது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, அந்த அரசுக்கு என் வணக்கம். ஆனால் 2014 ஏப்ரல் 15 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை ஏற்றபோது எடுத்துக்காட்டியவற்றில் நேபாளத் தீர்ப்பும் ஒன்று. அமைதியான நாடு, புரண்டுகொண்டிருந்த பக்கத்து பெஞ்சைப் பார்த்து எழுதியிருக்கிறது. ஆசிரியையாக நான் இதைக் கண்டிக்க வேண்டும். மனசு வரவில்லை.

பெர்லினில் 1933-ல் இப்படிப்பட்டவர்களைப் பற்றிய நூலகத்தை நாஜிகள் எரித்தார்களே என்று தங்கை கலங்கினார். அந்த நூலகம் இருந்த, மருத்துவர் மாக்னுஸ் ஹிர்ஷ்ஃபெல்டின் பாலியல் ஆய்வு நிலையம் எப்போது திறந்தது? 1919 ஜூலையில், ஜெர்மன் பேரரசர் கைசர் நாட்டை விட்டு ஓடி எட்டு மாதத்தில், அந்தக் கொந்தளிப்புக்குள்ளேதான். 1933 மே 6 அன்று அதைச் சூறையாடியவர்கள் நாட்டில் ஒழுங்கைக் கொண்டுவருகிறோம் என்று சொல்லிக்கொண்டு வந்தவர்கள். தங்கை விரும்பும் அதே ஒழுங்கு.

மணி அடித்துவிட்டீர்கள், முடிக்கிறேன். அந்தப் பிள்ளை ஒன்பதாம் வகுப்பு அரையாண்டுக்குப் பிறகு வரவில்லை. வீட்டுக்கு ஆள் அனுப்பினோம். எங்கே போனது என்று அவர்களுக்கும் தெரியவில்லை. பிப்ரவரியில் பெயரை நீக்கச் சொன்னார்கள். நீக்கும்போது பெயருக்குக் குறுக்கே சிவப்பு மையில் கோடு போட வேண்டும் என்பது பள்ளி வழக்கம். போட்டேன்.