சோக்தியரின் சென்றடையாத கடிதங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

இன்றைய உஸ்பெகிஸ்தானிலும் தஜிகிஸ்தானிலும் ஜரப்ஷான் ஆறு பாயும் நிலமே சோக்தியரின் தாயகம். சமர்கந்து, புகாரா, பஞ்சிகந்த் ஆகிய நகரங்களில் வாழ்ந்த அவர்கள் பேரரசு எதையும் கட்டி ஆளவில்லை. ஆயினும், சீனத்துக்கும் நடு ஆசியாவுக்கும் இடையே நடந்த பட்டு வணிகத்தில் பல நூற்றாண்டுகள் அவர்கள் கையே ஓங்கியிருந்தது. கிழக்கு ஈரானியக் கிளையைச் சேர்ந்த அவர்களுடைய மொழி, அந்த வணிகப் பாதையின் பொதுமொழியாகவே விளங்கியது.

மேற்கு ஆசியாவின் பண்டைய அரமேய எழுத்திலிருந்து பிறந்த சோக்திய எழுத்தே பின்னர் உய்குர், மங்கோலிய, மஞ்சு எழுத்துகளுக்கு மூலமாயிற்று என்பதையும், பௌத்த நூல்களும், மானி என்பவர் தோற்றுவித்த மானிகேய சமயத்தின் நூல்களும், கிறித்தவ நூல்களும் இம்மொழியில் பெயர்க்கப்பட்டன என்பதையும் அறிஞர்கள் அதன் பெருமையாகக் கூறுவர். என் மனம் தோய்வதோ அதன் கடிதங்களில்.

1907இல் தொல்லியல் ஆய்வாளர் ஆரல் ஸ்டைன், வடமேற்குச் சீனத்தின் துன்ஹுவாங் நகருக்கு மேற்கே இருந்த சீனக் காவல் கோபுரம் ஒன்றின் இடிபாடுகளில், உரியவர்களிடம் போய்ச் சேராத சோக்தியக் கடிதங்களைக் கண்டெடுத்தார். அவற்றுள் ஒன்று, நனைவந்தக் என்னும் வணிகர் சமர்கந்துக்கு எழுதியது. பஞ்சத்தால் சீனப் பேரரசர் தலைநகர் லோயாங்கை விட்டு ஓடினார், அரண்மனைக்குத் தீ வைக்கப்பட்டது என்று அவர் தெரிவிப்பதைக் கொண்டே, இக்கடிதங்கள் கி.பி. 313ஐ ஒட்டியவை எனப் பலரும் கணிக்கின்றனர். அத்தனை பேரழிவுக்கு நடுவிலும், தாம் அனுப்பியிருக்கும் 32 கஸ்தூரிப் பைகளை ஐந்து பங்காக்கி யாருக்கு எத்தனை பங்கு தரவேண்டும் என்று அவர் வரையறுத்துச் சொல்கிறார்.

மியுனாய் என்ற பெண்ணின் இரு கடிதங்களோ படிப்பவர் நெஞ்சை உலுக்குபவை. கணவன் நனைதாத் அவளைத் துன்ஹுவாங்கில் கைவிட்டுச் சென்றுவிட்டான். உடுக்க உடையில்லை, கையில் காசில்லை, கேட்டாலும் கடன் கொடுப்பார் இல்லை, பூசாரியின் தயவில்தான் பிழைக்கிறேன் என்று தாய்க்கு எழுதிய அவள், கணவனுக்கு எழுதும்போது சீறுகிறாள். தாயின் சொல்லையும் உடன்பிறந்தாரின் சொல்லையும் மீறி உம் பேச்சைக் கேட்டு வந்த அன்றே தெய்வங்கள் என்மீது சினம் கொண்டிருக்க வேண்டும் என்கிறாள்; உமக்கு மனைவியாய் இருப்பதைவிட நாய்க்கோ பன்றிக்கோ மனைவியாய் இருந்திருக்கலாம் என்றும் எழுதுகிறாள். தாயும் தானும் சீனரிடம் வேலைக்காரிகளாகிவிட்டதை மகள் ஷாயின், கணவனுக்கான அக்கடிதத்தின் கடைசியில் சேர்த்திருக்கிறாள். பட்டு வணிகத்தின் செழிப்பைப் பேசும்போதெல்லாம் இவ்விருவரையும் சேர்த்தே நினைக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

8ஆம் நூற்றாண்டில் அரபுப் படைகள் சோக்திய நகரங்களை வென்றன. பஞ்சிகந்தின் அரசர் தேவாஷ்டிச் 722இல் கொல்லப்பட்டார். பின்னர்ப் பாரசீகமும் துருக்கிய மொழிகளும் பரவ, நகரங்களில் சோக்தியம் வழக்கொழிந்தது. எனினும், தஜிகிஸ்தானின் யக்னோப் பள்ளத்தாக்கில், ஜரப்ஷானோடு சென்று கலக்கும் நீரோட்டங்களின் மலைக்கரையில், அதன் கிளைமொழி ஒன்றின் வழிவந்த யக்னோபி பிழைத்திருந்தது. 1970இல் சோவியத் அரசு அம்மக்களைச் சமவெளியின் பருத்தி வயல்களுக்கு வலுக்கட்டாயமாகக் குடிபெயர்த்தது. பிற்காலத்தில் சில குடும்பங்கள் மலைக்குத் திரும்பின. மலையிலும் சமவெளியிலும் இன்றும் பல்லாயிரவர் யக்னோபி பேசுகின்றனர்.

நன்றி. வணக்கம்.