ரிப்போர்ட் எழுதுபவர் கைக்கு எட்ட வேண்டும்

வணக்கம் நேயர்களே. கடையில் பில் வாங்கும்போது, அடியில் தொகையை எழுத்தில் அச்சடித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 'ஆயிரத்து இருநூற்று ஐம்பது ரூபாய் மட்டும்' என்று வரும். அந்த ஒரு வரியைத் தமிழில் சரியாக வரவழைப்பதற்கு நான் பட்ட பாட்டைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

நம் மொழியில் நூறு, அடுத்த எண்ணோடு சேரும்போது நூற்று ஆகிவிடும். ஆயிரம் ஆயிரத்து ஆகும், லட்சம் லட்சத்து ஆகும். தொண்ணூறு, தொள்ளாயிரம் இரண்டுக்கும் தனி வழி. ஆங்கில எண்களுக்கு எழுதிய புரோகிராம் இதற்கு உதவாது. ஆகவே டெல்ஃபியில் இதற்கென்று நானே ஒரு காம்போனென்ட், அதாவது புரோகிராமில் பொருத்திக்கொள்ளும் ஒரு பகுதி, எழுதினேன். டெல்ஃபி என்பது போர்லாண்ட் நிறுவனம் 1995இல் கொண்டுவந்த, மென்பொருள் எழுதும் கருவி. அதோடு சேர்த்து நான் பயன்படுத்தும் ரிப்போர்ட் கருவி, அதாவது பில் போன்றவற்றை அச்சிடும் கருவி, ஃபாஸ்ட்ரிப்போர்ட். அச்சாகும் பக்கத்தை வடிவமைப்பவரே அதில் சின்னச் சின்ன ஸ்கிரிப்ட், அதாவது சில வரிக் கட்டளைகள், எழுதிக்கொள்ளலாம். எனக்கு அதில் மிகவும் பிடித்தது இதுதான். புரோகிராமரை எதிர்பார்க்காமல், கணக்கு பார்ப்பவரே தன் பில்லை மாற்றிக்கொள்ளலாம்.

ஒரு மொத்த வியாபார மண்டிக்கு இதைக் கொடுத்தேன். அங்கே கணக்கு எழுதும் அம்மா ஸ்கிரிப்டைத் தானாகவே கற்றுக்கொண்டவர். ஒரு வாரத்தில் போன் வந்தது. "அண்ணே, பைசா இல்லாத பில்லுல பைசாவ மறைக்கணும். நீங்க வச்ச பொட்டி பக்கத்துல தெரியுது, ஆனா ஸ்கிரிப்ட்ல பேர எழுதினா அப்படி ஒண்ணு இல்லங்குது."

காரணம் என்னிடம்தான் இருந்தது. டெல்ஃபியில் ஒரு பிராப்பர்டியை, அதாவது காம்போனென்டின் ஒரு குணத்தை, எந்தப் பகுதியில் வைக்கிறோம் என்பது முக்கியம். பைசாவைக் காட்டவா மறைக்கவா என்று சொல்லும் பிராப்பர்டியை நான் வைத்தது பப்ளிக் பகுதியில். அதற்கு அடுத்து பப்ளிஷ்டு என்று ஒன்று உண்டு. பப்ளிக் என்பது திறந்த வீடு, விலாசம் தெரிந்தவர் வரலாம். பப்ளிஷ்டு என்பது வாசலில் பெயர்ப்பலகை மாட்டிய வீடு. புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கும்போது வந்து சேரும் ஸ்கிரிப்ட், பலகையில் இருக்கும் பெயரைத்தான் படிக்கும். என் காம்போனென்டின் வகுப்பை, அதாவது அதன் வரையறையை, ஸ்கிரிப்டிடம் ஒருமுறை பதிவு செய்துவிட்டால், பப்ளிஷ்டு பிராப்பர்டிகள் எல்லாம் தாமாகவே கூட வந்துவிடும். பைசா பிராப்பர்டியை அங்கே மாற்றினேன், வேலை முடிந்தது.

அப்புறம் அவர் இன்னொன்று கேட்டார். 'பன்னிரண்டு லட்சத்து முப்பத்தெட்டாயிரத்து நானூற்று ஐம்பத்தாறு ரூபாய் மட்டும்' என்று வந்தால் கட்டத்துக்குள் அடங்கவில்லை. எழுத்து நீளமாக இருந்தால் அவரே ஸ்கிரிப்டில் அளவைக் குறைத்துக்கொள்வார், ஆனால் அந்த எழுத்துத் தொடர் அவர் ஸ்கிரிப்டுக்குக் கிடைக்க வேண்டும். இதைப் பப்ளிஷ்டில் வைக்க எனக்கு மனமில்லை. அங்கே வைப்பது பொதுவாக ரிப்போர்ட் கோப்பிலும் சேமிக்கப்படும். பில்லுக்குப் பில் மாறும் ஒன்றைக் கோப்பில் சேர்த்து வைப்பானேன்? ஆகவே கையால் பதிவு செய்தேன். பிராப்பர்டியின் பெயர், அதன் வகை, மதிப்பை எடுத்துத் தரும் ஒரு ஃபங்ஷன், இவ்வளவுதான். மாற்றி எழுத அனுமதி இல்லை என்பதால் எழுதும் ஃபங்ஷனைக் கொடுக்கவே இல்லை.

சரி, ஓட்டிப் பார்த்தால் மதிப்பு வெற்றாக வருகிறது. இரண்டு இரவு தேடினேன். பெயர் சரி, வகை சரி, பதிவும் சரி. கடைசியில் உள்ளே என்ன பெயர் வருகிறது என்று அச்சடித்துப் பார்த்தேன். எல்லாம் ஆங்கிலக் கேப்பிட்டல் எழுத்தில், அதாவது பெரிய எழுத்தில் வந்தது! டெல்ஃபிக்கு அடிப்படையான பாஸ்கல் மொழி பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாடு பார்ப்பதில்லை. அதனால் இந்தக் கருவி பெயரை முழுக்கப் பெரிய எழுத்தாக்கித்தான் நம் ஃபங்ஷனுக்குத் தருகிறது. நானோ கலந்து எழுதிய பெயரோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். மொழி வேறுபாடு பார்க்காது, ஆனால் மேற்கோள் குறிக்குள் எழுதிய சொல்லை ஒப்பிடும்போது வேறுபாடு உண்டு. மறுபடி சொல்கிறேன், இந்த வேலையில் இருக்கும் நேயர்களுக்காக: பெரிய எழுத்தில் ஒப்பிடுங்கள்.

அடுத்த நாள் அந்த அம்மா எழுதிய ஸ்கிரிப்ட் நாலே வரி. இத்தனை எழுத்துக்கு மேல் போனால் அளவைக் குறை, அவ்வளவுதான். எனக்கு அப்படி ஒரு யோசனை வந்ததே இல்லை. மண்டியில் எவ்வளவு பெரிய தொகை வரும் என்று அவருக்குத்தானே தெரியும்?

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நண்பர் ஒரு விரலைக் காட்டுகிறார், ஒரு நிமிடம்தான் இருக்கிறது. ஒரு பிராப்பர்டி ஏற்கும் மதிப்புகளுக்கு நாமே பெயர் சூட்டிய ஒரு பட்டியல் வைத்திருந்தால் அதையும் தனியாகப் பதிவு செய்ய வேண்டும், இல்லையென்றால் அந்தச் சொற்கள் ஸ்கிரிப்டுக்குப் புரியாது. ஸ்கிரிப்ட் வழியாக வரும் மதிப்பை அப்படியே ஏற்காமல் சரிபார்ப்பது பற்றியும் பேச எண்ணியிருந்தேன், நேரம் விடவில்லை. கேட்டமைக்கு நன்றி, வணக்கம்.