பிறையைப் புரிய வைப்பது மொட்டைமாடியே!

நடுவர் அவர்களே, எதிரணித் தோழர்களே, வேலூர்க் கோட்டை மைதானத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

நிலா தேய்ந்து வளர்வதைப் பிள்ளைகளுக்குப் புரிய வைப்பது பாடப்புத்தகப் படமா, மொட்டைமாடியா? இதுதான் தலைப்பு. எதிரணித் தலைவர் ஒரு சார்ட்டைத் தூக்கிக் காட்டினார். நடுவில் பூமி, சுற்றிலும் எட்டு நிலா, ஓரத்தில் சூரியன். கைத்தட்டலும் வாங்கினார். அந்தப் படத்தைப் பார்த்த பிள்ளையிடம் "நிலா ஏன் தேயுது?" என்று கேளுங்கள். "பூமியோட நிழல் விழுது சார்" என்பான். அவன்மேல் தப்பில்லை. படத்தில் நிலா பூமிக்கு இரண்டு விரற்கடை தள்ளி நிற்கிறது. அவ்வளவு பக்கத்தில் நின்றால் நிழல் விழாமல் என்ன செய்யும்?

அளவோடு பார்ப்போம். ஆயிரம் கிலோமீட்டரை ஒரு சென்டிமீட்டர் ஆக்குங்கள். பூமி ஒரு தேங்காய், 12.7 செ.மீ. நிலா ஒரு எலுமிச்சம்பழம், 3.5 செ.மீ. இரண்டுக்கும் நடுவே 3.84 மீட்டர். சூரியன் நாலு மாடி உயர உருண்டை. தேங்காயைக் கோட்டை வாசலில் வைத்தால் சூரியனை ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி, பாலாற்றுப் பக்கமாகப் போய்த்தான் தேட வேண்டும். எலுமிச்சை இருக்கும் தூரத்தில் தேங்காயின் நிழல் 9 செ.மீ. அகலம்தான். நிலாவின் பாதையோ 5 டிகிரி சாய்ந்தது. பௌர்ணமியன்றுகூட எலுமிச்சை அந்த நிழலுக்கு 34 செ.மீ. வரை மேலேயோ கீழேயோ நழுவிப் போய்விடும். மாதாமாதம் சந்திர கிரகணம் வராததற்குக் காரணம் இதுதான். அப்படியிருக்க, நிழல் எப்படித் தினமும் நிலாவைத் தேய்க்கும்? கிரகண நேரம் தவிர, நிலாவின் ஒரு பாதி எப்போதும் வெயிலில்தான் இருக்கிறது. அந்த வெயில் பாதியில் நம் பக்கம் எவ்வளவு திரும்பியிருக்கிறதோ அதுதான் பிறை.

இதை மொட்டைமாடியில் ஐந்து நிமிடத்தில் காட்டலாம். வளர்பிறை அஷ்டமி, மாலை நாலு மணி. சூரியன் மேற்கே, நிலா கிழக்கு வானில் உயரத்தில். எலுமிச்சை அளவு களிமண் உருண்டைக்குச் சுண்ணாம்பு அடித்துக் காயவைத்து, குச்சியில் செருகி, கையை நீட்டி நிலாவுக்குப் பக்கத்தில் பிடியுங்கள். நிலாவில் எந்தப் பாதி வெளிச்சமோ, அச்சு அசலாக அதே பாதி உருண்டையிலும் வெளிச்சம்! பூமியின் நிழல் இதில் எங்கே வந்தது?

பிளாஸ்டிக் பந்து வேண்டாம், ஒரு புள்ளியில் மட்டும் பளபளக்கும். டேபிள் டென்னிஸ் பந்து வேண்டவே வேண்டாம். வெளிச்சம் உள்ளே ஊடுருவி இருட்டுப் பக்கமும் வெளுத்துவிடும். தண்ணீர்த் தொட்டியின் நிழலில் நின்று பிடித்துவிட்டு "வரலையே" என்று சொல்லாதீர்கள்.

வகுப்பறையில் பல்பும் பந்தும் போதும் என்றார் எதிரணியின் இரண்டாவது பேச்சாளர். போதும்தான். ஆனால் பல்புக்கு முதுகு காட்டி நின்று பந்தை முகத்துக்கு நேராகப் பிடித்தால், பௌர்ணமி வர வேண்டிய இடத்தில் தலை நிழல் விழும். பந்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்கச் சொல்ல மறந்தால், பழைய தப்பு வகுப்பறையிலேயே மறுபடி பிறக்கும்.

மேகம் வந்தால் என்ன செய்வீர்கள் என்றார்கள். ஐப்பசி, கார்த்திகையில் வராமல் இருக்குமா? தை பிறந்ததும் தொடங்குங்கள். மூன்றாம் பிறையிலிருந்து தினமும் மாலை 6.30, ஒரே இடம். நீட்டிய கையின் முஷ்டி அகலம் 10 டிகிரி. நிலா நாளுக்கு ஒரு முஷ்டியும் கொசுறுமாகக் கிழக்கே தள்ளிப் போகும். பௌர்ணமிக்குப் பிறகு அந்த நேரத்தில் நிலாவைக் காணோம் என்று நோட்டை மூடிவிடுவார்கள். அங்கேதான் கோட்டை விடுகிறார்கள்; வேலூர்க்காரர்கள் கோட்டை விடலாமா? நிலா நாளுக்குச் சராசரியாக 50 நிமிடம் பிந்தி எழும். தேய்பிறையை விடியற்காலையில், பால் பாக்கெட் வாங்கப் போகும்போது பார்க்க வேண்டும். இன்னொன்று, நம் ஊருக்குக் கிழக்கே மலை. பௌர்ணமி நிலா காலண்டர் நேரத்துக்குப் பிந்தித்தான் தலை காட்டும், காலண்டரைத் திட்டாதீர்கள்.

எதிரணியின் சார்ட்டில் பிறை அரிவாள் மாதிரி நெட்டுக்குத்தாக நிற்கிறது. 13 டிகிரி அட்சரேகையில் இருக்கும் நமக்குப் பங்குனி மாலையில் பிறை படகு மாதிரி மல்லாந்து கிடக்கும், புரட்டாசியில் ஒருக்களித்திருக்கும். ஆம்பூரிலும் மேல்விஷாரத்திலும் ரம்ஜான் பிறை தேடிப் பழகிய கண்களுக்குச் சார்ட் தேவையில்லை. கூர்ந்து பார்த்தால் படகின் மேலே மீதி வட்டமும் சாம்பல் நிறத்தில் தெரியும். பூமியில் பட்டுத் திரும்பிய வெயில் அது. காவலூர் வானாய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கி இதற்குத் தேவையில்லை, வெறுங்கண் போதும்.

இன்று வளர்பிறை தசமி. நடுவர் அவர்களே, பந்தலை விட்டு நாலடி வெளியே வாருங்கள். வெளிச்சம் முடிகிற அந்த ஓரம் இருட்டுப் பக்கமாக உப்பியிருக்கிறதா? வட்டமான பூமியின் நிழல் விழுந்திருந்தால் அது கடித்த அப்பளம் மாதிரி உள்ளே குழிந்திருக்க வேண்டும். எதிரணித் தலைவரும் சார்ட்டைச் சுருட்டி வைத்துவிட்டு நிதானமாக வரலாம். நிலா மறைய இரவு ஒரு மணிக்கு மேல் ஆகும்.