நாற்பது பன்றிகளும் ஒரு கோட்டை மூலையும்

(திரையில்: மெட்வே ஆற்றங்கரை. ராச்செஸ்டர் கோட்டையின் சாம்பல் நிறக் கோபுரம்.)

1215 நவம்பர் 25. இங்கிலாந்து மன்னர் ஜான் தன் அமைச்சருக்கு ஓர் அவசர உத்தரவு அனுப்புகிறார். நன்றாகக் கொழுத்த பன்றிகள் நாற்பது வேண்டும். தின்பதற்கு லாயக்கில்லாதவையாக இருந்தாலும் சரி. இரவு பகல் பாராமல் அனுப்பிவைக்க வேண்டும். விருந்துக்கு அல்ல, கோட்டையை இடிக்க!

கென்ட் பகுதியில் உள்ள ராச்செஸ்டர் கோட்டைக்குள் மன்னரை எதிர்த்த பிரபுக்களின் படை புகுந்திருந்தது. அதன் நடுவே நிற்பது 'கீப்' என்னும் பெருங்கோபுரம். வெளிமதில் வீழ்ந்தாலும் கடைசிவரை நின்று போராடுவதற்கான இடம் அது. உயரம் 113 அடி. அடிச்சுவரின் கனம் சுமார் 12 அடி. மன்னரின் கல்லெறி பொறிகள் வீசிய கற்களுக்கு அது மசியவில்லை. மேலே முடியாததை மண்ணுக்கு அடியில் முடிக்கப் பார்த்தார்கள்.

(அசைவுப்படம்: மூலைக்கு அடியில் நீளும் சுரங்கம், வரிசையாக மர முட்டுகள்.)

தென்கிழக்கு மூலையின் அஸ்திவாரத்தை நோக்கிச் சுரங்கம் தோண்டினார்கள். தோண்டத் தோண்ட மேலே உள்ள சுவர் இறங்கிவிடாமல் மரத்தால் முட்டுக் கொடுத்துக்கொண்டே போனார்கள். வேலை முடிந்ததும் பன்றிக் கொழுப்பைக் கொண்டு தீ மூட்டினார்கள். முட்டு எரிந்ததும் மூலை அப்படியே சரிந்தது.

அப்போதும் கோட்டை பணியவில்லை. கோபுரத்தை உள்ளே இரண்டாகப் பிரிக்கும் குறுக்குச் சுவர் ஒன்று இருந்தது. உள்ளிருந்தவர்கள் அதற்கு அப்பால் ஒதுங்கிக்கொண்டு சண்டையைத் தொடர்ந்தார்கள். நவம்பர் 30 அன்று அவர்களைச் சரணடைய வைத்தது பசி.

மூலையை ஏன் குறிவைத்தார்கள்? சதுரக் கோபுரத்தில் மூலைக் கற்கள் இரண்டு பக்கமும் வெளியே தெரியும்; பெயர்ப்பது எளிது. மூலைக்கு எதிரே நிற்பவன் மேலிருக்கும் வில்லாளியின் கண்ணுக்கும் சரியாகப் படமாட்டான். வட்டக் கோபுரத்தில் இந்த வசதி எதிரிக்குக் கிடைக்காது. மூன்றாம் ஹென்றி காலத்தில் இடிந்த மூலையைத் திருப்பிக் கட்டியபோது உருண்டையாகவே கட்டினார்கள். மூன்று மூலை சதுரம், ஒன்று வட்டம். என்னைக் கேட்டால், கோட்டைக் கலையின் பாடப்புத்தகமே இந்த ஒரு கோபுரம்தான்.

(திரையில்: மதில் உச்சியின் நெருக்கக் காட்சி.)

மதிலின் தலையில் பல்வரிசை போலத் தெரிவது ஞாயில். சங்கப் பாடல்களிலேயே இருக்கும் சொல். மேடான பகுதிக்குப் பின்னால் மறைந்துகொள்ளலாம், இடைவெளி வழியே எய்யலாம். சுவரில் காணும் ஒடுங்கிய அம்புத்துளை, உட்பக்கம் அகன்று விரிந்திருக்கும். வில்லாளி உள்ளே நகர்ந்து பல திசைகளில் குறிபார்க்கலாம். வெளியில் இருப்பவனுக்குத் தெரிவது ஒரு கீற்று மட்டுமே.

மதிலடியில் ஒட்டி நிற்பவனை என்ன செய்வது? முதலில் மதிலுக்கு வெளியே மரப்பரண் கட்டி, அதன் தரையில் விட்ட துளைகள் வழியே கல்லைப் போட்டார்கள். மரம் தீப்பற்றும் என்பதால், பின்னர் அதையே கல்லில் துருத்திக்கொண்டு நிற்குமாறு கட்டினார்கள்.

கொதிக்கும் எண்ணெய் எங்கே என்று கேட்பீர்கள். சினிமாவில்தான் அது தாராளமாக ஓடுகிறது. எண்ணெய் விலை உயர்ந்த பொருள். கல், கொதிநீர், சுட்ட மணல் எல்லாம் மலிவு. வாயில் கூரையில் உள்ள 'கொலைத்துளை'களுக்கும், எதிரி கதவுக்கு வைக்கும் தீயைத் தண்ணீர் ஊற்றி அணைக்கும் வேலை இருந்திருக்கலாம்.

வாயில்தான் கோட்டையின் பலவீனம். அதனால் பாதுகாப்பு மொத்தமும் அங்கேதான் குவிந்தது. வேல்ஸில் 1283இல் முதலாம் எட்வர்ட் தொடங்கிய கெர்னார்வன் கோட்டையின் அரச வாயிலுக்கு ஐந்து கதவுகள், மேலிருந்து இறங்கும் ஆறு கிராதிக் கதவுகள் எனத் திட்டமிட்டார்கள். வாயில் முழுதாகக் கட்டி முடிக்கப்படவே இல்லை.

(திரையில்: போடியம் கோட்டை. அகழி நீரில் கோபுரங்களின் நிழல்.)

நூறாண்டு கழித்து, 1385இல் அனுமதி பெற்று இங்கிலாந்தில் கட்டிய போடியம் கோட்டையின் வாயிலில் அம்புத்துளைகளின் உருவமே மாறிவிட்டது. பூட்டின் சாவித்துவாரத்தைத் தலைகீழாகத் திருப்பியது போல, மேலே நீண்ட கீறல், கீழே வட்டம். கீறல் குறிபார்க்க. வட்டம் துப்பாக்கிக் குழலுக்கு.