கிரிம் வீட்டு விதை

வானொலி நேயர்களுக்கு வணக்கம். கறவை மாடு வைத்திருக்கும் வீடுகளில் குதிரைமசாலைப் பற்றி விளக்கிச் சொல்லத் தேவையில்லை. ஒருமுறை விதைத்தால் இரண்டரை மாதத்தில் முதல் அறுப்பு, அதன்பிறகு மாதம் தவறாமல் மறுதாம்பு என்று ஆண்டுக்கணக்கில் நின்று பலன் தரும் தீவனப் பயிர் அது. தீவனப் பயிர்களோடே என் வேலைக்காலம் முழுவதும் கழிந்தது. அந்தப் பயிர்களுக்குப் பின்னால் இருக்கும் மனிதர்களில் என் மனத்துக்கு மிக நெருக்கமான ஒருவரைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். அவர் பெயர் வெண்டெலின் கிரிம். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் குடியேறிய ஒரு சாதாரண விவசாயி.

இன்றைய ஜெர்மனியின் தென்பகுதியில், அந்நாளில் பாடன் என்ற தனி அரசாக இருந்த நாட்டில், கூல்ஸைம் என்னும் சிற்றூர் அவருடைய சொந்த ஊர். 1857-இல் மனைவி ஜூலியானாவையும் மூன்று பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு கப்பலேறினார். மூட்டை முடிச்சுகளோடு ஏழெட்டுக் கிலோ குதிரைமசால் விதையும் சென்றது. நம் ஊர்க் கணக்கில் அது ஏறக்குறைய ஒரு ஏக்கர் விதைப்புக்குத்தான் காணும். கடல் கடந்து போகும் குடும்பம் எதை எடுப்பது, எதை விடுவது என்று தவித்த வேளையில், அந்தச் சிறு பைக்கு இடம் ஒதுக்கியதை நான் பல முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

மின்னசோட்டாவின் கார்வர் வட்டாரத்தில் அவர்கள் நிலம் வாங்கினார்கள். அந்த மண் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புவரை டகோட்டா மக்களுடையதாக இருந்தது. 1851-இல் நடந்த ஒப்பந்தங்களால் அவர்கள் கையைவிட்டுப் போனது. குடியேறியவர்களின் கதையைச் சொல்லும்போது இதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. 1858-ஆம் ஆண்டு வசந்தத்தில், மின்னசோட்டா ஒரு மாநிலமாக ஆன அதே ஆண்டில், கிரிம் தம் விதையைத் தூவினார்.

அந்த ஊர்க் குளிரைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். பூஜ்ஜியத்துக்குக் கீழே 30 டிகிரி செல்சியஸ் வரை இறங்கும் குளிர் அது. மண்ணில் உள்ள ஈரம் உறைந்து விரியும்போது மண்ணே மேலெழும்பும். அதோடு சேர்ந்து செடியின் தூரும் மேலே தூக்கப்படும். ஆழத்தில் பிடித்திருக்கும் ஆணிவேர் நடுவில் அறுந்துவிடும். பனி கரைந்த பிறகு வயலுக்குப் போய்ப் பார்த்தால், பச்சை இருந்த இடத்தில் பழுப்பு நிறத் தூர்கள் கையோடு வந்துவிடும். கிரிமின் வயலிலும் முதல் குளிர்காலங்களில் பெரும்பாலான செடிகள் இப்படித்தான் செத்தன. ஆனால் சில செடிகள் பிழைத்தன. அவர் அந்தச் செடிகளை முற்றவிட்டு, நெற்றெடுத்து, விதையாக்கி, மீண்டும் விதைத்தார். அடுத்த குளிரிலும் சில செத்தன, சில நின்றன. நின்றவற்றிலிருந்து மறுபடியும் விதை எடுத்தார்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது, நேயர்களே. இதைத்தான் நான் போகுமிடமெல்லாம் சொல்லி வருகிறேன். குதிரைமசாலில் விதை எடுக்க வேண்டுமானால், பூக்கும் தருவாயில் அறுக்காமல் வயலை விட்டுவைக்க வேண்டும். அப்படியானால் அந்த அறுப்பின் தீவனம் கைவிட்டுப் போகும். கொட்டகையில் மாடுகள் பசியோடு நிற்க, ஏற்கெனவே மெலிந்துபோன வயலில் பாதியை விதைக்காக ஒதுக்குவது எவ்வளவு பெரிய முடிவு என்பதை மாடு வைத்திருப்பவர்கள் உணர்வார்கள். ஒரு வருடம் அப்படிச் செய்வது பெரிதல்ல. தொடர்ந்து பல வருடங்கள் செய்தார்கள் என்பதுதான் பெரிது. ஜூலியானாவும் பிள்ளைகளும் கைகொடுக்காமல் அது நடந்திருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை.

அந்த வட்டாரத்தில் வழிவழியாகச் சொல்லப்படும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. மக்காச்சோளம் கிடைக்காமல் ஊரே தட்டுப்பாட்டில் இருந்த சமயம். மற்றவர்களின் மாடுகள் விலா எலும்பு தெரிய நின்றபோது, கிரிமின் மாடுகள் மட்டும் கொழுத்துத் தளதளவென்று இருந்தன. இவருக்கு மட்டும் சோளம் எங்கிருந்து கிடைக்கிறது என்று அக்கம்பக்கத்தார்க்கு ஆச்சரியம், சற்றுச் சந்தேகமும்கூட. ஒருவர் நேரே கேட்டே விட்டார். அதற்குக் கிரிம், “ஒரு மணி சோளம்கூடப் போடவில்லை; என் வயலில் அழியாமல் நிற்கும் அந்தத் தழைதான்” என்று பதில் சொன்னாராம். அதைக் கேட்டு அண்டை அயலார் அவரிடம் விதை வாங்கினார்கள். இங்கே ஒரு வார்த்தை: குதிரைமசாலை அறுத்தவுடன் ஈரத்தோடு வெறும் வயிற்று மாட்டுக்கு அள்ளிப் போடாதீர்கள், வயிறு உப்பிவிடும்; சற்று வாடவிட்டு, வைக்கோலோடு கலந்து கொடுங்கள்.

கிரிம் 1890-இல் காலமானார். 1889-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மின்னசோட்டாவில் இருந்த குதிரைமசால் 658 ஏக்கர். அதில் ஏறக்குறைய பாதி அவருடைய கார்வர் வட்டாரத்தில் இருந்தது. அப்படியிருந்தும் அந்த வட்டாரத்துக்கு வெளியே அவர் பெயரை அறிந்தவர்கள் இல்லை. எக்செல்சியர் ஊரைச் சேர்ந்த ஆர்தர் லைமன் என்பவர்தான், கடையில் வாங்கிய விதையில் வந்த பயிர் குளிரில் மடியும்போது கிரிம் வழி வந்த பயிர் மடியாமல் நிற்பதைக் கவனித்தார். 1900-ஆம் ஆண்டையொட்டி மின்னசோட்டா வேளாண் ஆராய்ச்சி நிலையத்தின் வில்லெட் ஹேஸிடம் அதைத் தெரிவித்தார். ஹேஸ் சோதித்துப் பார்த்து, அந்த ரகத்துக்குக் கிரிமின் பெயரையே வைத்தார். அதன் பூக்கள் ஊதாவும் மஞ்சளும் கலந்து பல நிறங்களில் வரும். குளிர் தாங்கும் மஞ்சள் பூ இனத்தின் கலப்பு அதில் இருக்கிறது என்பதை அது காட்டுகிறது. எந்தச் செடியில் அந்தத் தாங்குதிறன் இருக்கிறது என்பதை ஆண்டுக்காண்டு பிரித்துக் காட்டியது குளிர். பிரித்துக் காட்டியதை விடாமல் சேர்த்து வைத்தது அந்தக் குடும்பம்.

நேரம் நெருங்கிவிட்டதாக நிலையத்து அன்பர் சைகை காட்டுகிறார். அந்தக் குடும்பத்தின் அடுத்த தலைமுறைகளைப் பற்றியும் சொல்ல நினைத்திருந்தேன். அதற்கு இடமில்லாமல் போய்விட்டது. எஞ்சியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1940-களில் வாடல் நோயைத் தாங்கும் புதிய ரகங்கள் வரும்வரை, அமெரிக்காவின் வடக்கு மாநிலங்களில் கிரிம் ரகமே பெரிதும் விதைக்கப்பட்டது. 1924-இல் அவருடைய பண்ணையில் ஒரு நினைவுக் கல் நாட்டினார்கள். 1870-களில் அந்தக் குடும்பம் கட்டிய செங்கல் வீடு, இப்போது ஒரு பூங்காவின் எல்லைக்குள் பாதுகாக்கப்பட்டு வருகிறது. 1974-இல் அந்தப் பண்ணை அமெரிக்காவின் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. நன்றி, வணக்கம்.