வீட்டுக்கு ஒரு கணினி, ஆளுக்கு ஒரு கணக்கு

நேயர்களுக்கு வணக்கம். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கமிருந்து கேட்பவர்களுக்கும், எல்லைக்கு அந்தப்புறம் கோபாலபுரம், பொள்ளாச்சி பக்கமிருந்து கேட்பவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

கணினி பற்றி எதை வேண்டுமானாலும் பேசலாம் என்று நிலையத்தார் சொன்னார்கள். செயற்கை நுண்ணறிவு பற்றிப் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். நான் எடுத்துக்கொண்டிருப்பது சின்ன விஷயம். ஒரே கணினியை நான்கு பேர் பயன்படுத்தும்போது, ஒருவர் போட்ட மென்பொருள் மற்றவர்களுக்கும் கிடைக்குமா, கிடைக்காதா? பள்ளிக்கூடத்துக் கணினி அறையின் சாவி பல ஆண்டுகள் என் சட்டைப்பையில்தான் இருந்தது. அங்கே என்னிடம் அதிகமாகக் கேட்கப்பட்ட கேள்வி இதுதான்.

நம் பக்கத்து வீடுகளில் கணினி எப்படி இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். அப்பாவுக்குத் தேங்காய் வியாபாரக் கணக்கு. அம்மா பால் சங்கத்தில் இருந்தால் அந்தக் கணக்கும் அதில்தான். பெண் பிளஸ் டூ படிக்கிறாள். பையன் விளையாடுகிறான். எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஒரு பெயர், ஒரே கடவுச்சொல். அந்தப் பெயரும் பெரும்பாலும் விற்ற கடைக்காரர் வைத்ததாகவே இருக்கும். பையன் எதையோ நீக்கப்போய் அப்பாவின் கணக்குக் கோப்பு காணாமல் போகும். அன்று வீட்டில் சோறு இறங்காது.

ஆளுக்கு ஒரு கணக்கு, அதாவது கணினிக்குள் நுழைய ஆளுக்கொரு பெயரும் கடவுச்சொல்லும், வைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டால், போகும் இடத்திலெல்லாம் ஒரே பதில்: "அப்புறம் எல்லாவற்றையும் நாலு தடவை போட வேண்டுமே, சார்! இடம் அடைத்துக்கொள்ளுமே!"

போட வேண்டியதில்லை. பாதி நேயர்கள் இப்போதுதான் வானொலிக்குப் பக்கத்தில் வந்திருப்பீர்கள், அதனால் மறுபடியும் சொல்கிறேன்: நாலு தடவை போட வேண்டியதில்லை. சரியான இடத்தில் ஒரு தடவை போட்டால் அந்தக் கணினியில் இருக்கிற எல்லாக் கணக்குக்கும் அது கிடைக்கும். சிக்கல் அந்த 'சரியான இடம்' என்பதில்தான் இருக்கிறது.

வாசகசாலைக்குப் போகிறவர்களுக்கு இது எளிதில் பிடிபடும். அலமாரியில் இருக்கிற புத்தகத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். நீங்கள் வாங்கி உங்கள் பையில் வைத்திருக்கிற புத்தகம் உங்களுக்கு மட்டும். விண்டோஸ் கணினியில் அந்த அலமாரிக்கு 'புரோகிராம் ஃபைல்ஸ்' என்று பெயர். உங்கள் பைக்கு, அதாவது உங்கள் பெயரில் இருக்கிற கோப்புறைக்குள் ஒளிந்திருக்கும் மூலைக்கு, 'ஆப் டேட்டா' என்று பெயர். மென்பொருள் எந்த இடத்தில் போய் உட்காருகிறது என்பதுதான் முழுக் கதையும்.

இந்தப் பக்கத்து வாசகசாலை ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம், அவர்களும் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

அந்த வாசகசாலைச் செயலாளர் விவரமானவர். கணினி வந்த அன்றைக்கே மூன்று கணக்கு உண்டாக்கிவிட்டார்: அலுவலகத்துக்கு ஒன்று, வாசகர்களுக்கு ஒன்று, மாணவர்களுக்கு ஒன்று. மாரியம்மன் கோயில் பூச்சாட்டு வந்தது. நோட்டீஸ் தட்டச்சு செய்யும் பொறுப்பு, பொள்ளாச்சியில் கல்லூரிக்குப் போய்வரும் ஒரு பெண்ணிடம் வந்தது. அவள் தோழி ஒருத்தியிடமிருந்து பென் டிரைவில் பாமினி என்ற தமிழ் எழுத்துருவை, அதாவது ஃபான்டை, கொண்டுவந்தாள். மாணவர் கணக்கில் நுழைந்தாள். எழுத்துருக் கோப்பை இருமுறை சொடுக்கினாள்; மேலே 'இன்ஸ்டால்' என்று ஒரு பொத்தான் வந்தது, அமுக்கினாள். அவ்வளவுதான். கடவுச்சொல் எதுவும் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அங்கேதான் விஷயம் இருக்கிறது.

மாலைதோறும் உட்கார்ந்து அழகாக நோட்டீஸ் அடித்து முடித்தாள். கம்பம் நடுதல், பூவோடு, மாவிளக்கு, உபயதாரர் பட்டியல் எல்லாம். உபயதாரர் பட்டியல் என்றால் சும்மாவா? யார் பெயர் யாருக்கு மேலே வர வேண்டும் என்று கமிட்டியில் தனிக் கூட்டமே நடந்திருந்தது. கோப்பை எல்லோரும் எடுக்கக்கூடிய பொதுக் கோப்புறையில் வைத்துவிட்டு, மறுநாள் காலை பஸ் ஏறிவிட்டாள்.

பிரிண்ட் எடுக்கக் கமிட்டிப் பெரியவர் வந்தார். செயலாளர் அலுவலகக் கணக்கில் அந்தக் கோப்பைத் திறந்தார். திரையில் தமிழே இல்லை. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் அடைப்புக்குறிகளும் கலந்து கிடந்தன. 'தமிழ்' என்று இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, அதற்குப் பின்னால் ஓர் அரைப்புள்ளி. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் இப்படித்தான் வேலை செய்கின்றன. உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளுக்கான எண்கள். எழுத்துரு அவற்றின்மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திக் காட்டுகிறது. எழுத்துரு இல்லையென்றால் போர்வை விலகிவிடும்.

வாசகசாலையில் அன்று எத்தனை மருத்துவர்கள்! ஒருவர் வைரஸ் என்றார். இன்னொருவர் பிரிண்டரைக் குறை சொன்னார். கோப்பை அழித்துவிட்டுப் புதிதாக அடிக்கலாம் என்று ஒருவர் சொன்னபோது, நல்ல வேளையாகச் செயலாளர் மவுஸை விடவில்லை. கல்லூரிக்குத் தொலைபேசி போயிற்று. "நான் பார்க்கும்போது நன்றாகத்தானே இருந்தது, மாமா" என்றாள் அந்தப் பெண், அழாத குறையாக. மாலை பஸ்ஸில் இறங்கி நேரே வாசகசாலைக்கு வந்து, மாணவர் கணக்கில் நுழைந்து கோப்பைத் திறந்தாள். பளிச்சென்று தமிழ்!

பெரியவர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். "அம்மணி கை பட்டால்தான் எழுத்து வருகிறது. அம்மன் அருள்" என்றார். அருள் இருக்கட்டும், பிரிண்டர் அலுவலகக் கணக்கில் மட்டும்தான் வைக்கப்பட்டிருந்தது. அப்புறம்தான் எனக்கு ஆள் அனுப்பினார்கள்.

நடந்தது இதுதான். விண்டோஸ் 7 காலத்தில் எழுத்துருவை நிறுவினால் அது எல்லோருக்குமான இடத்தில்தான் போய்ச் சேரும். அதற்கு நிர்வாகியின், அதாவது கணினி முழுவதையும் மாற்றும் உரிமை உள்ள கணக்கின், அனுமதியும் வேண்டும். விண்டோஸ் 10இல், 2018இன் இறுதியில் வந்த பதிப்பிலிருந்து இது மாறிவிட்டது. வெறுமனே 'இன்ஸ்டால்' என்று அமுக்கினால் எழுத்துரு அந்தக் கணக்குக்கு மட்டும்தான். அதனால்தான் கடவுச்சொல் கேட்கவில்லை. எழுத்துருக் கோப்பின்மேல் வலது பக்கச் சொடுக்கு கொடுத்தால், ஒரு சின்னக் கேடயப் படத்தோடு, 'இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ்' என்று இன்னொரு வரி இருக்கும். விண்டோஸ் 11இல் 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' என்பதையும் அமுக்கினால்தான் அது தெரியும். அந்த வரியை அமுக்கி, செயலாளர் கடவுச்சொல் கொடுத்தார். அலுவலகக் கணக்கில் கோப்பைத் திறந்தோம், தமிழ் வந்தது. பெரியவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலில் தேடியது உபயதாரர் பட்டியலில் தம் பெயரை. முதலெழுத்துத் தவறாக இருந்தது. அதற்கு ஒரு தனிப் பஞ்சாயத்து.

எழுத்துருவுக்குச் சொன்னது மென்பொருளுக்கும் பொருந்தும். பல மென்பொருள்கள் நிறுவும்போது ஒரு கேள்வி கேட்கும்: 'ஜஸ்ட் மீ'யா, 'ஆல் யூசர்ஸா'? எனக்கு மட்டுமா, எல்லோருக்குமா? நாம் அதைப் படிப்பதில்லை. நெக்ஸ்ட், நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ். நிறுவுகிற வேலை என்றாலே அந்தப் பொத்தானை வேகமாக அமுக்குவதுதான் என்று ஒரு தலைமுறையே பழகிவிட்டது. அந்த ஒரு கேள்வியிலாவது நில்லுங்கள். 'எல்லோருக்கும்' என்று கொடுத்தால் நிர்வாகியின் கடவுச்சொல்லையோ அனுமதியையோ கேட்கும். கேட்டால் நல்லது, பொது இடத்துக்குப் போகிறது என்று பொருள்.

சில மென்பொருள்கள் கேட்காமலே தனி இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். குரோம் உலாவியை நிறுவும்போது நிர்வாகி அனுமதி தராவிட்டால், உங்கள் கணக்குக்கு மட்டும் தன்னைப் போட்டுக்கொள்ளும். நிரல் எழுதப் பயன்படும் பைத்தானை நிறுவும்போது முதல் பொத்தானை அமுக்கினால் அதுவும் உங்களுக்கு மட்டும்தான். அக்கா போட்ட பைத்தான் தம்பியின் கணக்கில் இல்லை என்று வீட்டில் சண்டை வந்தால் காரணம் இதுதான். பெற்றோர் இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: தனி இடத்தில் உட்காரும் மென்பொருளுக்கு உங்கள் கடவுச்சொல் தேவையில்லை. பையனைச் சாதாரணக் கணக்கில் விட்டிருந்தாலும் அப்படிப்பட்டவற்றை அவன் போட்டுக்கொள்வான்.

ஏற்கனவே போட்டது எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? முகப்பில் இருக்கிற அதன் படத்தின்மேல் வலது பக்கச் சொடுக்கு, 'ஓப்பன் ஃபைல் லொகேஷன்'. மேலே தெரியும் முகவரியில் புரோகிராம் ஃபைல்ஸ் என்று இருந்தால் எல்லோருக்கும் உரியது. யூசர்ஸ், அதன் பின்னால் உங்கள் பெயர், அதன் பின்னால் ஆப் டேட்டா என்று இருந்தால் உங்களுக்கு மட்டும். அதை அப்படியே நகலெடுத்துப் பொது இடத்தில் போட்டால் போதும் என்று கெட்டிக்காரப் பிள்ளைகள் முயல்வார்கள். பல மென்பொருள்கள் அப்படி ஓடாது. விண்டோஸ் தன் பதிவேட்டில் எழுதிவைத்த குறிப்புகள் கூடவே வராது. நீக்கிவிட்டு, 'எல்லோருக்கும்' என்று கொடுத்து மறுபடி போடுவதுதான் வழி.

இன்னொரு வேடிக்கை: மென்பொருள் பொது இடத்தில்தான் இருக்கும், முகப்பில் படம் மட்டும் இருக்காது. 'என் கணக்கில் இல்லை' என்று ஓடி வருவார்கள். ஸ்டார்ட் பொத்தானை அமுக்கிப் பெயரைத் தட்டினால் கண்முன்னே வந்து நிற்கும். நிறுவியவரின் முகப்பில் மட்டும் படம் வைத்துவிட்டுப் போகும் மென்பொருள்கள் உண்டு. படம் இல்லாததால் மென்பொருளே இல்லை என்று ஆகிவிடாது. இதற்காக இரண்டாம் தடவை நிறுவியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நேரம் ஓடுகிறது. விசைப்பலகை பற்றிக் கொஞ்சம். இங்கே கதை தலைகீழ். தமிழ் தட்டச்சுக்கான தமிழ்99, அஞ்சல் என்ற விசைப்பலகை அமைப்புகள் 2019 முதல் விண்டோஸ் 10க்கு உள்ளேயே இருக்கின்றன. கணினியில் எல்லோருக்கும் பொதுவாகத்தான் இருக்கின்றன. ஆனால் எது வேண்டும் என்ற தேர்வு அவரவர் கணக்கில் தனித்தனி. அப்பா தமிழ்99 வைத்துக்கொண்டால் அது பெண்ணின் கணக்கில் தானாக வந்துவிடாது. அவள் மொழி அமைப்பில் போய்ச் சேர்த்துக்கொள்ள வேண்டும். நல்லதுதான். மலையாளம் தட்டச்சு செய்கிறவர் ஒருவர், தமிழ் தட்டச்சு செய்கிறவர் ஒருவர் என்று இருக்கும் நம் பக்கத்து வீடுகளில், ஒருவர் விரலில் இன்னொருவர் மிதிக்காமல் இருக்கலாம்.

கடவுச்சொல்லும் அப்படித்தான், அவரவருக்குத் தனித்தனி. ஒரே ஒரு கணக்கு நிர்வாகிக் கணக்காக இருக்கட்டும், மற்றவை சாதாரணக் கணக்குகளாக இருக்கட்டும். பொது இடத்தில் இருப்பதை ஒருவர் நீக்கினால் எல்லோருக்கும் போய்விடும் என்பதால் இது அவசியம்.

விண்டோஸ் போல இன்னொரு இயங்குதளமான லினக்ஸ் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். கண்ணாடிக்கு அப்பால் நிலைய நண்பர் கடிகாரத்தைக் காட்டுகிறார். சுருக்கமாகச் சொல்கிறேன். கேரளப் பள்ளிகளில் 2001இல் ஐடி அட் ஸ்கூல் என்று தொடங்கி, 2017இல் கைட் என்ற நிறுவனமாக ஆன அமைப்பு, உபுண்டு என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்ட இயங்குதளத்தைத்தான் பள்ளிகளுக்குத் தருகிறது. நம் தமிழ்வழிப் பிள்ளைகளும் அதில்தான் படிக்கிறார்கள். 1969இல் பிறந்த யூனிக்ஸ் என்ற பழைய இயங்குதளத்தின் வழியில் வந்தது லினக்ஸ். ஒரே கணினியில் பலர் வேலை செய்வார்கள் என்பதை நினைத்தே அந்த மரபு வளர்ந்தது. அதனால் அங்கே வழக்கமான முறையில் நிறுவினால் எல்லோருக்கும்தான் கிடைக்கும், கடவுச்சொல்லும் கேட்கும். விண்டோஸ் 95, 98 எல்லாம் ஒரே ஆளை நினைத்துச் செய்யப்பட்டவை. 2001இல் வந்த எக்ஸ்பிதான் சரியான தனிக் கணக்குகளை வீடுகளுக்குக் கொண்டுவந்தது. பள்ளியில் பழகிய பிள்ளை வீட்டு விண்டோஸில் குழம்புவது இதனால்தான்.

உரிமம் ஒன்று பாக்கி இருக்கிறது. கணக்கு மென்பொருளைக் காசு கொடுத்து வாங்கும் வியாபாரிகள், அது கணினிக்கு விற்கப்படுகிறதா, ஆளுக்கு விற்கப்படுகிறதா என்று வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். ஆளுக்குச் சந்தா என்றால், பொது இடத்தில் போட்டிருந்தாலும் அவரவர் தம் பெயரில் உள்நுழைந்தால்தான் திறக்கும். மிச்சத்தை நிலையத்தார் மறுபடி அழைத்தால் சொல்கிறேன். வணக்கம்.